மகராசி நின்ற மத்தியானம்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. கால் வலிக்கிறவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள், இங்கே யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. ஒரு பஸ் டிரைவர் தன் குதிரையைக் கூட்டிக்கொண்டு தன் டீச்சரை விட்டு வந்த கதையைச் சொல்கிறேன். சண்டை போட்டுக்கொண்டு வந்தாரா என்று கேட்காதீர்கள். சண்டை போட்டிருந்தால் பாதி பாரம் அங்கேயே இறங்கியிருக்கும்.

அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, டிரைவர் என்றால் அவர்தான். ஊருக்குள் ஓடும் முதல் பஸ் அவருடையது. மத்தியானத்துக்குள் வண்டியை மாற்று ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராகக் குதிரைப் பயிற்சிப் பள்ளிக்குப் போய்விடுவார். அங்கே லாயத்தில் அவருடைய மகராசி இருந்தாள்.

சாரட்டு வண்டி இழுத்துக்கொண்டிருந்த பழுப்பு நிறக் குதிரை அது. எதிரே வந்தவரையெல்லாம் கடித்தது, பின்னால் போனவரையெல்லாம் உதைத்தது. "புண்ணியமாப் போகும், கூட்டிட்டுப் போங்க" என்று வண்டிக்காரர் கயிற்றை இவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். இவரும் எந்த நேரத்திலோ சரி என்று வாங்கிக்கொண்டார். "என்னங்க இது, வீட்டுக்கு ஒரு மகராசி போதாதா?" என்று கேட்டாள் மனைவி. அந்தப் பேரே குதிரைக்கு ஒட்டிக்கொண்டது.

வந்த வாரமே மகராசி அவர் தோளைக் கவ்விவிட்டாள். ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாமல் திண்டாடிய அந்த நாட்களில்தான் யாரோ பள்ளியைப் பற்றிச் சொன்னார்கள். போனார். டீச்சர் அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவள். ஒடிசலான உடம்பு, முட்டி வரை சேறு அப்பிய பூட்ஸ். குதிரையைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் இவரைத்தான் பார்த்தாள்.

"அண்ணா, அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல நீங்க மூச்சு விடுங்க."

"விட்டுட்டுத்தானே இருக்கேன் டீச்சர்?"

"இல்ல. பிடிச்சு வச்சிருக்கீங்க. நீங்க இப்படி நின்னா, என்னமோ வரப்போகுதுன்னு அதுவும் பயந்து நிக்கும்."

சாட்டையே இல்லாத பள்ளி அது. டீச்சர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தோளை லேசாகத் திருப்புவாள், ஒரு அடி பின்னால் வைப்பாள், குதிரை அவளோடு நூல் பிடித்த மாதிரி வரும். அதே வித்தையை டிரைவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். வருஷங்கள் ஓடின. கடித்த வாய், கையில் வைத்த கொள்ளை உதட்டால் ஒற்றி எடுக்கக் கற்றுக்கொண்டது. ஒருநாள் டீச்சர், "அண்ணா, உங்க கை நல்ல கை" என்றாள். டிப்போவில் இத்தனை காலமும் ஏச்சும் பேச்சும் மட்டுமே வாங்கிய மனிதர், அதை வழியெல்லாம் சிந்தாமல் சுமந்துவந்து வீட்டில் சொன்னார்.

"கையா? அந்தக் கை ஒரு தம்ளர் கழுவி நான் பார்த்ததில்லையே" என்றாள் மனைவி.

பள்ளியில் மீறக்கூடாத விதிகள் இரண்டு இருந்தன. கயிற்றைத் தரையில் போட்டால் குதிரை நிற்க வேண்டும். திரும்ப எடுக்கும்வரை நகரக்கூடாது. இன்னொன்று, ஒருவர் குதிரையை இன்னொருவர் தொடக்கூடாது. ஒரு குதிரைக்கு ஒரு குரல் என்பாள் டீச்சர். இரண்டும் நல்ல விதிகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரு நாள் என்ன செய்தன என்று கேளுங்கள்.

நல்ல வெயில் நாள். மகராசியைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டுவதற்காகத் தொட்டிப் பக்கம் நடத்திக்கொண்டு வந்தார். கைபேசி அடித்தது. டிப்போ. மாற்று டிரைவருக்கு வழியிலேயே மயக்கம் வந்துவிட்டதாம், பஸ் நடுச்சாலையில் ஆட்களோடு நிற்கிறதாம். இவர் கயிற்றைக் கீழே போட்டார், "இதோ வந்துட்டேன்" என்றார், ஓடினார். கால் மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று ஒரு நினைப்பு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு எந்த நினைப்பும் இல்லை. கூட்டம், சில்லறைச் சண்டை, இறங்கும் இடத்தைத் தவறவிட்டவரின் கூச்சல். மாலைதான் சாவியைக் கொடுத்தார். கொடுத்த கை காற்றில் அப்படியே நின்றது. "ஐயோ, மகராசி!"

ஓடிவந்து பார்த்தால், போட்ட இடத்தில் கயிறு. விட்ட இடத்தில் குதிரை. கழுத்து நீட்டினால் எட்டாது, இரண்டு எட்டு வைத்தால் எட்டும், அந்தத் தூரத்தில் தொட்டி நிறையத் தண்ணீர். வியர்வை காய்ந்து மேலெல்லாம் உப்புப் பூத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. கால் மட்டும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள். குளம்புக்கடியில் இரண்டு சின்னக் குழி.

அவர் கயிற்றை எடுத்துத் தொட்டிக்கு நடத்தினார். அவள் குடித்த சத்தத்தைக் கேட்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வங்கிக்காரர் ஒருவர் வந்தார். அவரும் அங்கே படிக்கிறவர். "பாடம் நடக்குதுன்னு நினைச்சோம் சார். நாங்க எல்லாருமே சுத்திக்கிட்டுத்தான் போனோம். பிரமாதம் சார் உங்க குதிரை!"

அவருக்குப் பின்னாலேயே டீச்சர் வந்தாள். கண் கலங்கியிருந்தது. அழுகை இல்லை அது, சந்தோஷம்.

"அண்ணா, பார்த்தீங்களா? ஒரு அடி நகரல!"

"நீங்க எப்ப பார்த்தீங்க டீச்சர்?"

"மத்தியானமே. நீங்க வேணும்னு விட்டிருக்கீங்கன்னுதான் நினைச்சேன். அப்புறம் உங்க பஸ் ரோட்டுல போச்சு, உள்ள நீங்க உட்கார்ந்திருந்தீங்க. சரி, மறந்துட்டார்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா விட்டுட்டீங்க?"

"எதுவரைக்கும் நிப்பான்னு பார்க்கணும்போல இருந்துச்சு அண்ணா. இத்தனை வருஷத்துல எந்தக் குதிரையும் எனக்கு இப்படி நின்னதில்ல."

கேட்டீர்களா? கெட்டவள் இல்லை அவள். தான் சமைத்ததை ஒருவர் வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்து நிற்பவள் முகம் எப்படி இருக்கும், அந்த முகம்தான். டிரைவருக்குக் கோபப்படக்கூட இடமில்லை. கயிற்றைப் போட்டது அவர் கை.

அடுத்த ஞாயிறு பள்ளியில் பார்வையாளர் நாள். எல்லார் முன்னாலும் மகராசியை நிறுத்தி, முன்னால் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக் காட்டுவது என்று டீச்சர் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இனி அண்ணாதான் பாடம் எடுப்பார் என்றும் சொன்னாள். அந்த வார்த்தைக்காக அவர் எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறார். "சரி டீச்சர்" என்று வாய் தன் பாட்டுக்குச் சொன்னது.

வீட்டில் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவங்க சொன்னா நீங்க நிக்கிறீங்க. நீங்க சொன்னா அது நிக்குது. நல்ல ஸ்கூல்தான் போங்க."

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்லீங்க. அதுக்குத் தாகம் எடுத்திருக்கும்ல?"

அவர் எழுந்து போய் முகம் கழுவினார். வெகு நேரம் கழுவினார்.

மறுநாள் மகராசியின் முகக்கயிற்றை அவிழ்த்தே விட்டார். லாயக் கதவையும் விரியத் திறந்து வைத்து, வெளியே ஒரு கட்டுப் புல்லைப் போட்டார். அவள் புல்லைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள். வேறொன்றும் செய்யவில்லை. காதை இவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முன்பெல்லாம் அந்தப் பார்வையைப் பாசம் என்று நினைத்துப் பூரித்துப்போயிருக்கிறார். உத்தரவு கேட்கிற பார்வை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த வாரம் முழுக்க இதே வேலையாக இருந்தார். தூரப் போய் நின்று பார்த்தார், சுவருக்குப் பின்னால் ஒளிந்துகூடப் பார்த்தார். அவளாக ஒரு காலை எடுத்து வைத்துவிட மாட்டாளா என்று ஏங்கி ஏங்கி மனிதர் இளைத்துப்போனார்.

"என்ன பண்றீங்க அண்ணா?" என்று டீச்சர் கேட்டாள்.

"சும்மா. அவளா வர்றாளான்னு..."

"குழப்பாதீங்க. நேரா இருக்கிற கம்பியை எதுக்கு வளைக்கிறீங்க?"

சனிக்கிழமை அவள் அறைக்குப் போனார். அறுந்த சேணவாரை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஆறிப்போன டீ.

"நான் கிளம்பறேன் டீச்சர்."

"சரி அண்ணா. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க."

"இல்ல டீச்சர். ஒரேயடியாக் கிளம்பறேன். மகராசியையும் கூட்டிட்டு."

ஊசி வாருக்குள் பாதியிலேயே நின்றது.

"வேற ஸ்கூலா?"

"எந்த ஸ்கூலும் இல்ல. என் மச்சான் டயர் கடைக்குப் பின்னாடி ஒரு கொட்டகை இருக்கு. சுத்தி வெத்து நிலம்."

"டயர் கடையா!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கும் வந்தது. இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். சிரிப்பு தீர்ந்ததும் அவள் ஊசியை வாரில் குத்தி வைத்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன், சொல்லுங்க."

"தப்பு என்னோடது. மறந்தவன் நான்தானே."

"அப்புறம் ஏன் போறீங்க?"

"எனக்குச் சொல்லத் தெரியல டீச்சர். அன்னைக்கு அவ என்னைக் கடிச்சிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

டீச்சர் மடியிலிருந்த வாரை எடுத்து மேசைமேல் போட்டாள். "ஒரு மாசத்துல கெட்டுப்போவா. நானும் நீங்களும் உசுரக் குடுத்துச் செஞ்சதெல்லாம் போயிடும்."

"கெட்டுப்போகட்டும் டீச்சர்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரிந்தது. திரும்ப எடுக்க வழியில்லை.

"கடிச்சா என்கிட்ட வராதீங்க" என்றாள். உடனேயே, "வாங்க. பரவாயில்ல, வாங்க" என்றாள்.

மச்சான் லாரியோடு வாசலில் நின்றான். மனைவியின் தம்பி, வாய் சும்மா இருக்காது. சாய்வுப் பலகையை இறக்கியபோது எழுந்த சத்தத்தில் மகராசி நான்கு காலையும் ஊன்றிக்கொண்டாள். கண் வெள்ளை தெரிந்தது. டிரைவர் கூப்பிட்டார், கெஞ்சினார், அவரே ஏறி இறங்கிக் காட்டினார்.

"மாமா, பஸ்ஸுல ஏத்துற மாதிரி 'உள்ள போ, உள்ள போ'ன்னு சொல்லிப் பாருங்க" என்றான் மச்சான்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. டிரைவர் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அது குதிரைக்கும் தெரிந்தது. அப்போது டீச்சர் வந்தாள். மகராசியின் கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள், அவளோடு சேர்ந்து மூச்சு விட்டாள், தோளைத் திருப்பினாள். தன் கதவுக்கு வெளியே போகிற வண்டியில் தானே ஏற்றிவிட்டு, பலகையில் இறங்கி வந்து, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"வேகமா ஓட்ட வேண்டாம்னு சொல்லுங்க."

அவ்வளவுதான். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பள்ளியின் இரும்புக் கதவு மூடிக்கொண்டது. அன்றைக்கு வழியெல்லாம் மச்சானே வாயை மூடிக்கொண்டு வந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் போனது, அதற்கு மேலும் போனது. மகராசி கெடவில்லை. பழைய டயர் அடுக்குகளுக்கு நடுவே விட்ட இடத்தில் நின்றாள். போ என்று சொன்னால் போவாள். ஆனால் அதுவும் உத்தரவுதானே? அதனால் அவர் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து, தேய்ந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். உடம்பெல்லாம் பஸ்ஸின் அதிர்வு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

"மாமா, இது குதிரையா, போட்டோவா?" என்பான் மச்சான்.

சில நாள் டீச்சர் சொன்னதுதான் சரியோ என்று இருந்தது. பார்வையாளர் நாள் எப்படி நடந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை. பள்ளி இருக்கும் சாலையில் பஸ் போகும்போது மட்டும் கண்ணை முன்னாலேயே வைத்துக்கொள்வார்.

பிறகு ஒரு விடிகாலை. லாடம் அடிப்பவர் முதல் பஸ்ஸுக்கு முன்னால்தான் வர முடியும் என்று சொல்லியிருந்தார். டிரைவர் முகக்கயிற்றை எடுத்துக்கொண்டு அவசரமாகப் போனார். மகராசி தலையைத் தூக்கிக் கயிற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி, பின்புறத்தைக் காட்டிக்கொண்டு, நிலத்தின் கடைசிக்கு நடந்து போய்விட்டாள்.

அவர் பின்னால் போனார். கிட்டே போனதும் அவள் இன்னொரு மூலைக்கு நடந்தாள். ஓட்டமில்லை, பயமில்லை. வர இஷ்டமில்லை, அவ்வளவுதான். மறுபடி போனார். மறுபடி நகர்ந்தாள். லாடக்காரர் வந்து பார்த்துவிட்டு, "நீங்க பிடிச்சு வைங்க சார், நான் இன்னொரு நாள் வரேன்" என்று போய்விட்டார். கைபேசியில் டிப்போ கத்தியது. "குதிரை வர மாட்டேங்குது சார், முதல் பஸ்ஸுக்கு வேற ஆளைப் போடுங்க" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலை நான் இங்கே சொல்லக்கூடாது.

டீச்சராக இருந்தால் தோளைத் திருப்பினாலே போதும், மகராசி வந்துவிடுவாள். எண் கைபேசியிலேயே இருந்தது. எடுத்தார், அந்தப் பேரைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார். நடந்து நடந்து முழங்கால் விட்டுப்போயிருந்தது. சந்தோஷப்படுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. டயர்மேல் உட்கார்ந்தார். தூரத்தில் அவள் இவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மச்சான் காயப்போட்டிருந்த பனியனை மென்றுகொண்டிருந்தாள். "மாமா, என் பனியன்!" என்று கடைக்குள்ளிருந்து அலறல் கேட்டது. டிரைவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார்.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டில் உலை நேரத்துக்குக் கொதிக்கட்டும். உழைத்து வந்த உடம்புக்குத் தூக்கம் தானாக வரட்டும். இருக்கிறவர்கள் இஷ்டப்பட்டு இருக்கட்டும்; போகிறேன் என்பவர்களுக்கு வழிவிடுகிற மனசு உங்களுக்கு இருக்கட்டும், அவர்கள் போன இடத்தில் சுகமாக இருக்கட்டும். நல்லா இருங்கள்.