இரண்டும் பெறப்படாது

1997இல் அருள்நாயகி பகலில் கனடாவின் மிசிசாகாவில் பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். மாலையில் எழுத்தர் வேலைத் தேர்வுக்கான வகுப்புக்குப் போனாள். அங்கே அவளுக்குப் பிடித்தது ஒரு பாடம்தான். ஒரு கூற்றைத் தந்து, கீழே இரண்டு முடிவுகளைக் கொடுப்பார்கள். கூற்றில் இருப்பதை மட்டும் வைத்து எது பெறப்படும், எது பெறப்படாது என்று சொல்லவேண்டும். விரும்பியதைச் சேர்க்கக்கூடாது. அவள் பிழைவிடுவதில்லை.

ஸ்காபரோவில் கணவனின் அக்கா றீற்றாவோடு ஒரு சிறிய அப்பார்ட்மென்டில் இருந்தாள். கணவன் அலெக்ஸாண்டர் மன்னாரில். படகில் இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்கு வருவதாக இருந்தான்.

ஜூன் மாதம் மன்னார் பேசாலைப் பங்குத்தந்தையின் கடிதம் வந்தது. படகு கவிழ்ந்துவிட்டது. போனவர்கள் பதினொரு பேர். ஒன்பது உடல்கள் கரையொதுங்கின. ஒன்பதும் யாரென்று தெரிந்துவிட்டது. அலெக்ஸாண்டர் அவற்றில் இல்லை.

"நீ வகுப்பில உதைத்தானே படிக்கிறாய், நாயகி. ஒன்பதுக்குள்ள அவன் இல்லை. அப்ப உயிரோட இருக்கிறான்தானே?" என்று றீற்றா கேட்டாள்.

"அப்பிடிச் சொல்லேலாது மச்சாள்."

"அப்ப செத்துப்போனானோ?"

"அதையும் சொல்லேலாது. உந்தக் கடிதத்தில இருந்து இரண்டும் வராது."

"உது சோதினைத் தாளோ? அவன் உன்ர புருசன்."

அதற்குப் பிறகு றீற்றா அவளோடு பேசவில்லை. தம்பியை அவள் கைவிட்டுவிட்டாள் என்று கோயிலில் பெண்களிடம் சொன்னாள். அது அருள்நாயகியின் காதுக்கும் வந்தது.

ஓகஸ்டில் ஒருநாள் கத்தரிக்கோல் தேடி றீற்றா அவளுடைய மேசை லாச்சியைத் திறந்தாள். உள்ளே கணவனைக் கனடாவுக்கு அழைக்கும் ஸ்பொன்சர் படிவத்தின் பிரதி. அலெக்ஸாண்டரின் பெயர். தற்போதைய முகவரி: தெரியாது. கடிதம் வந்த மறுநாள் நிரப்பியது.

"நம்பிக்கை இருந்தால் ஏன் எனக்கு அப்பிடிச் சொன்னனீ?"

"கடிதத்தில என்ன இருக்கெண்டுதானே கேட்டனீங்கள். என்ர மனதில என்ன இருக்கெண்டு கேக்கேல்லை."

அன்று இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

செப்டம்பரில் இரண்டாவது கடிதம் வந்தது. எழுதியவர் குலசிங்கம், அதே படகில் போனவர், இப்போது தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில். மிதந்த ஒரு வெறும் பிளாஸ்ரிக் எண்ணெய்க் கானை அவரும் அலெக்ஸாண்டரும் பிடித்திருந்தார்கள். அது இருவரைத் தாங்கவில்லை. 'உங்கள் கணவர் கையை விட்டார். நான் கூப்பிட்டேன். அவர் தண்ணீருக்குள் தாண்டதைக் கண்ணால் கண்டேன். பிறகு மேலே வரவேயில்லை. என்னை மன்னிக்கவேண்டும்.'

"இன்னொருக்கா வாசி," என்றாள் றீற்றா.

அருள்நாயகி வாசித்தாள். பிறகு தனக்குள்ளே ஒவ்வொரு வரியாக, எங்காவது ஒரு இடைவெளி இருக்காதா என்று பார்த்தாள். இல்லை. கடிதத்தை மடித்து வைத்தாள். மூன்று மாதம் அடக்கி வைத்திருந்தவள் குசினித் தரையில் இருந்து அழுதாள். றீற்றா பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அந்தக் குலசிங்கம் தப்பினபடியால்தான் என்ர தம்பி செத்தவன்," என்றாள் றீற்றா.

"அப்பிடி நினைக்காதேங்கோ மச்சாள். அந்த ஆளும் அப்பிடி நினைச்சுக்கொண்டுதான் இருக்கும்."

குலசிங்கத்துக்குப் பதில் எழுத அருள்நாயகிக்கு நான்கு நாள் பிடித்தது. 'அவர் விட்டது அவருடைய முடிவு. நீங்கள் தள்ளவில்லை. கடைசியில் அவர் என்ன சொன்னார் என்று நினைவிருந்தால் எழுதுங்கள்.' கீழே கையெழுத்து வைத்தாள்.

றீற்றா அதை வாசித்தாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, தன் பெயரையும் எழுதினாள்.