ஒத்திவைத்த ஓட்டம்

நோட்டீஸ் பலகையில் நான் ஒட்டிய தாளை மாயவன் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். மாசிக் கடைசியில் விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் வரை பதினாலு மைல் ஓட்டப் பந்தயம், கம்பெனி ஆட்களுக்கு மட்டும், முதலில் வருகிறவருக்கு வேலை நிரந்தரம். கீழே கம்பெனி முத்திரை. அது அறுபத்தொன்பதாம் வருஷம், தை மாதம். பீங்கான் கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கிறவன் நான், முத்திரை என் மேஜை டிராயரில்தான் கிடக்கும். ஸ்டோர் தங்கராசுவுக்கும் எனக்கும் அன்று மத்தியானம் பொழுது போகவில்லை, வேறொன்றும் இல்லை. மாயவன் ஏழு வருஷமாகச் சூளைக்குக் கரி அள்ளிப் போடுகிற தினக்கூலி. நிரந்தரம் என்றால் அவன் தலைகீழாகக்கூட நடப்பான் என்றான் தங்கராசு. நடக்க வைத்துத்தான் பார்ப்போமே என்றேன்.

"சார், இது நெசமா?"

"மொதலாளி கையெழுத்து போட்டிருக்காரு பாரு." போட்டது நான்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அப்ப இத்தக் கிழிச்சிடுங்க சார். எல்லாரும் பாத்தாங்கன்னா போட்டிக்கு வந்துடுவாங்க."

இப்படி ஒரு மடையனை எங்கே தேடுவது? அவன் கண்ணெதிரிலேயே கிழித்துக் கொடுத்தேன், துண்டுகளை அவனே சூளையில் போட்டான். தங்கராசு ஸ்டோருக்குள் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒரு வாரம் ஓடிக் காலை வீங்க வைத்துக்கொள்வான், அப்போது சொல்லிவிடலாம் என்று ஏற்பாடு. மாயவன் விடிகாலை ஷிப்டைப் பகலுக்கு மாற்றிக்கொண்டான். என்னிடம் சைக்கிளும் வாட்ச்சும் இருந்ததால், பின்னாலேயே வந்து நேரம் பார்த்துச் சொல்லும்படி கெஞ்சினான். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

முதல் வாரம் பாதி வழியிலேயே மண்ணில் உட்கார்ந்துவிடுவான். அதை ஆபீசில் நடித்துக் காட்டினேன். பிறகு எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. மாசி பிறந்தபோது ஏழாவது மைல் வரை ஓடிவிட்டுத் திரும்பினான். விடிகிற நேரத்தில் புளியமரங்களுக்கு அடியில் அவன் வெறுங்கால் தார் ரோட்டில் பட்பட்டென்று விழும், நான் பின்னால் மெல்ல மிதித்துக்கொண்டு போவேன். லாரிக்காரர்கள் கை காட்டுவார்கள். கடலைக்கொல்லைகளிலிருந்து ஈர மண் வாசம் வரும். "ஏழு வருசமா இந்நேரத்துக்கு நெருப்பத்தான் சார் பாத்தேன். இந்த ரோட்டுல இத்தினி குருவி இருக்குதுன்னு யாரு கண்டாங்க?" என்பான் மூச்சு வாங்காமல். திரும்பி வந்து பாலத்துக்குப் பக்கத்தில் அவன் பெண்சாதி பாஞ்சாலை கொடுத்தனுப்பிய கேழ்வரகுக் கூழை இருவரும் குடிப்போம். எனக்குத் தொந்தி குறைந்தது, அலாரம் இல்லாமல் விழிப்பு வந்தது. என் வாழ்க்கையில் அதைப்போலச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை, இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"போதும்டா கலியமூர்த்தி, சொல்லித் தொலச்சிடு" என்றான் தங்கராசு. நான் சொல்லவில்லை. பந்தயத்தைப் பங்குனிக்கு ஒத்திவைத்தேன், பிறகு சித்திரைக்கு. "நல்லதாப் போச்சு சார், இன்னும் கொஞ்சம் ஓடலாம்" என்றான் அவன்.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் ஓடிக்கொண்டே கேட்டான். "எம் மச்சான் கோவிந்தராசு வந்திருந்தாரு சார். வியாழக்கெழம நெய்வேலி சொரங்கத்துல ஆளெடுக்குறாங்களாம். நிரந்தர வேலதானாம். போவட்டுமா?"

நான் சொல்ல வேண்டியது போ என்ற ஒற்றை எழுத்துதான். ஆனால் அவனில்லாத அந்த ரோடும், படுக்கையில் புரண்டுகொண்டு கிடக்கிற நானும்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்தோம்.

"வியாழக்கெழமதான் மொதலாளி நீ ஓடுறதப் பாக்க வராரு. இல்லன்னா பேர அடிச்சிடுவாரு" என்றேன்.

வியாழக்கிழமை ஓடினான். எங்களைத் தாண்டிப் போன ஏதோ ஒரு காரைக் காட்டி, முதலாளி அதில்தான் போகிறார் என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினான். பாவி நான், அன்றைக்கும் ரசித்துக்கொண்டுதான் பின்னால் போனேன்.

கோவிந்தராசுவை எடுத்துக்கொண்டார்கள். மறு வாரம் பாஞ்சாலை கம்பெனி கேட்டில் முதலாளியின் காரை மறித்து, பந்தயம் எப்போது என்று கேட்டாள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு, புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். கம்பெனியே சிரித்தது. நோட்டீஸ் எங்கே, யார் ஒட்டியது என்று கேட்டார். கரிக்கூடையோடு நின்ற மாயவன் என்னைப் பார்த்தான். என் பேரைச் சொல்லாமல் கூடையைத் தலைக்கு ஏற்றினான். நானும் சிரித்துவைத்தேன். அவனைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன்.

மறுநாள் விடிய என் வீட்டு வாசலில் நின்றான். சைக்கிளை நான் வெளியே எடுத்ததும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வாட்ச்சுக்காக உள்ளங்கையை நீட்டினான்.

"இன்னக்கி நீங்க ஓடுங்க சார்."

முடியாது என்றிருக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். இரண்டாவது மைலில் செருப்பு அறுந்தது. நின்றேன். அவனும் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றான், திட்டவில்லை, வாட்ச்சைப் பார்த்தான். மறுபடியும் ஓடினேன். நெஞ்சு அடைத்தது, விலாவில் பிடித்துக்கொண்டது, குருவிகள் இருந்தனவா இல்லையா என்றே தெரியவில்லை.

"ஏழாவது மைலு வரைக்குமா, மாயவா?"

"வேப்பூருக்கு சார்."

முதுகுப்பக்கம் வெயில் ஏறியது. சைக்கிளும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறவனுமாக ஒரு நீண்ட நிழல் என்னைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. அதை மிதித்துக்கொண்டே ஓடினேன்.