ஜனங்கள் பக்கத்துச் சுவர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆரணியில் பெயிண்ட் கான்ட்ராக்டர் டேவிட்ராஜைப் பற்றி யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன், என் தங்கை லிடியாவுக்குக் களம்பூரில் மாப்பிள்ளை பார்த்து, புடவையும் எடுத்த பிறகு, "நான் மடத்துக்குப் போறேண்ணா" என்றாள். சாதாரண மடமா அது? கண்ணமங்கலம் சாலையில் இருக்கும் ஆசீர்வாதப்பர் சபையின் அடைப்பு மடம். உள்ளே போன கன்னியர் வெளியே வரமாட்டார்கள். வீட்டு ஆட்கள் வருஷத்துக்கு இரண்டு முறை கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசலாம். "போய்த் தொலை" என்றேன். ஒரு முறைகூட நான் போகவில்லை.

போன மாதம் அந்த மடத்துக் கோயிலுக்கு வெள்ளையடிக்கும் வேலை என்னிடமே வந்தது. லிடியாவின் அண்ணன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் அவளிடம் பேசிவிட வேண்டும் என்று இருந்தது. இத்தனை வருஷ வீம்பு எனக்கே சலித்துவிட்டது.

அந்தக் கோயிலில் பீடத்துக்கு இடப்புறம், கம்பிக்குப் பின்னால் கன்னியர் இருப்பார்கள். பீடத்துக்கு எதிரே ஜனங்கள். ஜனங்கள் பக்கத்துச் சுவர் கன்னியர் கண்ணில் படவே படாது. அதில் ஓர் ஓவியம். மேஜையின் ஒரு பக்கம் அங்கி போட்ட சாமியார், மறு பக்கம் ஒரு கன்னிகை, ஜன்னலில் மழை. ஓதம் ஏறி, சாமியாரின் முகம் பாதி உதிர்ந்திருந்தது.

"யார் வரைஞ்சதுங்க இது?" என்று கேட்டேன்.

"இங்க யாரும் பேர் போடறதில்லீங்க," என்றார் மதர், கம்பிக்கு உள்ளேயிருந்து. "காப்பாத்த முடிஞ்சா காப்பாத்துங்க. இல்லன்னா உங்க யோசனைப்படி செய்ங்க."

காப்பாற்றியிருக்கலாம். எனக்குத் தெரிந்த வேலைதான், இரண்டு நாள் பேஜார். என் தங்கையை விழுங்கிய மடத்துக்கு நான் எதற்கு மெனக்கெட வேண்டும்? சுரண்டினேன். பட்டி பார்த்து, இரண்டு கோட் வெள்ளை அடித்தேன். பாவி, அடிக்கும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் மதரிடம் உறவைச் சொல்லி லிடியாவைப் பார்க்கக் கேட்டேன். கம்பிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்.

"வெள்ளையடிக்க வந்தது நீதான்னு மதர் இப்பதாண்ணா சொன்னாங்க. நிம்மதியாச்சு. வேற ஆளா இருந்தா அந்தப் படத்த சுரண்டிப் போட்டிருப்பான்."

நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளை தெரியாமல் கையை மடியில் இறக்கிக்கொண்டேன்.

"வார்த்தப்பாடு குடுத்து கன்னியரா உள்ள வர்றதுக்கு முந்தி நான் வரைஞ்சது. எங்க சபைய ஆரம்பிச்ச ஆசீர்வாதப்பரும் அவர் தங்கச்சியும். வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் பாப்பாங்களாம். இன்னிக்கி தங்கிப் பேசுண்ணான்னு அவ கெஞ்சறா, அவர் மாட்டேங்கறார். அவ ஜெபம் பண்றா, மழ கொட்டுது. அவரால கெளம்ப முடியல. விடிய விடிய பேசிகினு இருந்தாங்களாம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"அவருக்கு உன் மூஞ்சியத்தாண்ணா வெச்சேன். என்னிக்காவது நீ பூசைக்கு வந்தா பாப்பேன்னுதான் ஜனங்க பக்கம் வரைஞ்சேன். உள்ள வந்தப்புறம் என்னால அத பாக்க முடியாதில்ல. இன்னும் நல்லா இருக்குதாண்ணா?"

"நல்லா இருக்குது," என்றேன்.

"மழ?"

"மழகூட அப்படியே இருக்குது, லிடியா."