ஹார்வெக் தானாக வெடிக்காது

கனகாம்பாள் வீட்டில் அந்தத் துப்பாக்கிக்கு முதல் பலி ஒரு தண்ணீர்ப் பானை.

யாங்கோனுக்குப் பக்கத்தில் த்வாண்டேயில் குயவர்கள் செய்த பானை. கூடத்து மூலையில் மணல் பரப்பி வைத்திருந்தாள். சித்திரை வெயிலிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். அன்று காலை அவள் கணவர் பிரேம்நாத் ஆபீசுக்குக் கிளம்பும்போது கைலி நெகிழ்ந்தது. கைலி கட்டுகிறவனுக்கு அது ஒரு நாளில் எத்தனை தடவை நடக்கிற காரியம்! நெகிழும், பிரிப்பான், உதறுவான், இறுக்கிச் செருகுவான். கை பாட்டுக்குச் செய்துகொண்டு போகும், மனசுக்குத் தெரியவே தெரியாது. இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கி நழுவி, பின்பக்கம் தரையில் மோத விழுந்தது. விழுந்த வேகத்தில் வெடித்தது. விசையை யாரும் தொடவில்லை, கிட்டே கூடப் போகவில்லை. பானை இருந்த இடத்தில் சில்லும் தண்ணீரும்தான் கிடந்தன.

கீழ்மாடியிலிருந்து காளியம்மா அலறிப்புடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பிரேம்நாத் கதவை அரைவாசி திறந்து, குக்கர் மூடி தெறித்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழவில்லை. கனகாம்பாளுக்கு அதுதான் ஆச்சரியம். வேண்டாம், முடியாது என்று சொல்ல ஆயுளில் வாய் வராத மனிதருக்குப் பொய் மட்டும் இவ்வளவு சுளுவாக வருமா?

வேண்டாம் என்று சொல்லத் தெரியாததால்தான் அந்த வேலையே அவர் தலையில் விழுந்தது. யாங்கோன் நகரத்துத் தின்கன்ஜூனில் அவர்கள் வார்டுக்கு நிர்வாகியாக இருந்தவரை யாரோ வாசலில் வைத்துச் சுட்டுவிட்டுப் போனார்கள். ராணுவம் ஆட்சியைப் பிடித்திருக்கும் இப்போதைய நிலவரத்தில் அந்த நாற்காலியில் உட்கார எந்தப் புத்தியுள்ளவனும் முன்வரவில்லை. மேலிடத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். கனகாம்பாள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். போனவர் சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார், கையில் துப்பாக்கி உரிமத்தோடு.

அதோடு விட்டதா? துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு கூட்டம் சேர்ந்தது. மரக்கடை ஊ சான் லின், பக்கத்து வார்டு நிர்வாகி, இவர். ஆபீசுக்கு எதிரே கோ மாங்கின் டீக்கடைதான் அவர்களுக்கு மடம். அரசாங்கம் கொடுக்கும் துப்பாக்கியை அவர்கள் மதிப்பதே இல்லை. அது ஆணி அடிக்கத்தான் லாயக்கு என்பார் சான் லின். துப்பாக்கி என்றால் ஹார்வெக். வெளிநாட்டுக் கம்பெனி, எந்த நாட்டுப் போலீஸ் வைத்திருக்கிறது தெரியுமா, சேற்றில் போட்டு எடுத்தாலும் சுடும், உயிரையே நம்பி ஒப்படைக்கலாம். ஹார்வெக் வைத்திருப்பவன் வந்தால் மற்றவன் எழுந்து இடம் கொடுப்பான். பிரேம்நாத்துக்கு வாழ்நாளில் யாரும் அப்படி எழுந்து இடம் கொடுத்ததில்லை. பாவம், அவரும் ஒரு ஹார்வெக் வாங்கினார், அந்த ருசி அவருக்குப் பிடித்துப்போயிற்று.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் நித்யா அப்பாவுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். ஹார்வெக்கை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுகிறார்கள், பின்பக்கம் மோதி விழுந்தால் வெடிக்கிறது. கம்பெனிக்காரன் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லையாம், ஆனாலும் அனுப்பி வைத்தால் உள்ளே ஒரு சாமானை இனாமாக மாற்றித் தருவானாம். குறை இல்லாததை எதற்கு மாற்றுகிறான் என்று நித்யா கேட்டாள். போட்டிக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை என்றார் பிரேம்நாத். டீக்கடையிலும் அதையே எல்லாரும் சொன்னார்கள். யாங்கோனிலிருந்து எந்தக் கம்பெனிக்கு எந்த வழியாக அனுப்புவது என்ற கேள்வியை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை.

பானை உடைந்தது அதற்குப் பிறகு. அப்போதாவது அவர் அதைத் தலையைச் சுற்றித் தூக்கி எறிந்திருக்க வேண்டாமா? தான்தான் கவனப்பிசகாக இருந்துவிட்டதாகச் சொல்லி, துடைத்து, மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். கனகாம்பாளும் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

புதுப் பானையைக் கொண்டுவந்தது காளியம்மாவின் மகன் மோகன். சைக்கிளில் வீடுவீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கும் வேலை அவனுக்கு. பின்னால் இருக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு, பானையை வைக்கோலில் சுற்றிக் கட்டி எடுத்துவந்து, மாடியேறி மூலையில் வைத்தான். வைத்துவிட்டுச் சிரித்தான்.

"பெரியம்மா, குக்கர் தெறிச்சா அடுப்பங்கரைலதான ஒடையணும்? கூடத்துப் பான எப்புடி ஒடஞ்சிச்சு?"

போடா கிறுக்கா என்று சொல்லி அவன் கையில் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, டீக்கடை வாசலில் பிரேம்நாத் நாற்காலியைவிட்டு எழுந்தார். எழுந்தவர் கைலியை இறுக்கிக் கட்டினார். கோ மாங் தேநீர்க் கெட்டிலோடு அவர் முன்னால் நின்றிருந்தான். வெடித்த சத்தத்தில் தெருவே தரையில் படுத்துவிட்டது. எழுந்து பார்த்தபோது கோ மாங் எழவில்லை. யாரோ நிர்வாகியைச் சுட வந்திருக்கிறார்கள், குறி தவறிவிட்டது என்று கத்தினார்கள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவன் மோகன். சத்தம் கேட்டு மிரண்டு வேகமாக மிதித்தான். அந்த மிதி அவனுக்கு வினையாகப் போயிற்று. இரண்டு தெரு தாண்டுவதற்குள் போலீஸ்காரர்கள் பிடித்துவிட்டார்கள். துப்பாக்கி எங்கே என்று கேட்டு அடித்தார்கள். இல்லாத துப்பாக்கியை அவன் எங்கிருந்து கொண்டுவருவான்? சாக்கடையில் எறிந்துவிட்டான் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

பிரேம்நாத் பேயறைந்தவர் போல வீட்டுக்கு வந்தார். கனகாம்பாள் அவர் சட்டைக்கு உள்ளே கையை விட்டுத் துப்பாக்கியை உருவி முகர்ந்து பார்த்தாள். பானை உடைந்த அன்று கூடத்தில் அடித்த அதே கரிந்த நெடி.

போய்ச் சொல்லுங்கள் என்றாள். கை தவறிவிட்டது என்றால் சட்டத்தில் ஏதாவது வழி இருக்கும், அந்தப் பிள்ளையைத் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்று கெஞ்சினாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சான் லின் பார்த்தாராம். வெளியிலிருந்துதான் சுட்டார்கள் என்று முதலில் சொன்னதே அவர்தானாம். இனி மாற்றிப் பேசினால் எல்லாரும் மாட்டுவோமாம்.

"நீ வாயத் தொறந்தா ஒரு உசுரு மிச்சமாவாது, கனகா. ரெண்டா போயிடும்."

அதற்குப் பயந்துதான் அவளும் அடங்கிப்போனாள். இவரை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் காளியம்மா தினம் மாடியேறி வந்தாள். அழுகை கூட இல்லை. கதவுக்கு வெளியே நின்று, அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்களாம் அக்கா, அண்ணனுக்கு அவனைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியுமே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவாள். அவள் போனதும் கனகாம்பாள் மோகன் வைத்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடிக்கப் போவாள். மொண்டதை அப்படியே திரும்ப ஊற்றிவிடுவாள்.

மேலிடத்திலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கோ மாங்கின் உடம்பில் இருந்த குண்டு ஹார்வெக்குக்கும் பொருந்தும் குண்டு. அதனால் சம்பிரதாயத்துக்காவது ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. கனகாம்பாள் அடுக்குச் சட்டியில் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போனாள். வழக்கமாக ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவான்; அன்று அவளே போனாள். வாசற்படியில் காளியம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சந்தைக்குப் போதுமான பர்மா பாஷை பேசுவாள்; அதிகாரி என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

உள்ளே மேசைமேல் பிரேம்நாத்தின் ஹார்வெக் ஒரு துண்டின்மேல் கிடந்தது. அதைச் சாட்சிப் பொருளாக யாரும் எடுத்துப் போகவில்லை. அதன்மேல்தான் சந்தேகமே இல்லையே. குண்டு ஏற்றியபடியே இருந்தது. நிர்வாகிகள் எந்த நேரமும் ஏற்றித்தான் வைத்திருப்பார்கள்.

இது தானாக வெடிக்குமா என்று அதிகாரி கேட்டார். முதலில் சான் லின். வருஷக்கணக்காக வைத்திருக்கிறேன், மாடியிலிருந்து கீழே விழுந்திருக்கிறது, மூச்சு விட்டதில்லை என்றார். அடுத்து, பக்கத்து வார்டு நிர்வாகி, கம்பெனி ஐம்பது விதமாகச் சோதனை பண்ணித்தான் விற்கிறது என்று பெருமையாக எடுத்துவிட்டார். சம்பந்தி வீட்டைப் பற்றிப் பேசுவது போல அவ்வளவு விசுவாசம். கடைசியில் பிரேம்நாத். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, ஹார்வெக் தானாக வெடிக்காது என்றார்.

அந்த வாக்கியம் காளியம்மாவுக்கும் புரிந்தது. கனகாம்பாள் அவள் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. சட்டியை வைத்துவிட்டு நேராக மேசைக்குப் போனாள். துப்பாக்கியைக் கையில் எடுத்து, அன்று வீட்டில் எப்படி விழுந்ததோ அப்படியே குழல் சாய்வாக எதிரே பார்க்க, பின்பக்கம் தரையைப் பார்க்க, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். கீழே சிமெண்டுத் தரை. நல்ல பர்மா பாஷையில், எல்லாருக்கும் கேட்கும்படி, தானாக வெடிக்காது என்றால் கீழே போடுகிறேன், எல்லாரும் அப்படியே இருங்கள் என்றாள்.

ஒருவரும் இருக்கவில்லை. சான் லின் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்து, முழங்கையால் ஊன்றிக்கொண்டே கதவுப் பக்கம் நகர்ந்தார். அவ்வளவு சோதனை பண்ணின கம்பெனியின் பெருமையைப் பாடிய மனிதர் சுவரோடு ஒட்டிக்கொண்டு தலையைக் கைகளால் மூடினார். அவர்கள் வீட்டிலும் ஒரு பானையோ கண்ணாடியோ உடைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்புக்கு இவ்வளவு தெரியுமா? அதிகாரி மேசைக்கு அடியில் குனிந்துவிட்டார். பிரேம்நாத் இரும்பு பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். போகும்போது அவள் கையைப் பிடிக்கவில்லை; வேண்டாம் கனகா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை அவள் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அசிங்கமாக இருந்தது.

இடத்தைவிட்டு அசையாமல் இருந்தது காளியம்மா மட்டும்தான். படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"ஏக்கா, தானா வெடிக்காதுன்னு இப்பத்தான சொன்னாங்க. அப்புறம் எதுக்கு எல்லாரும் ஓடுறாங்க?"

மேசைக்கு அடியிலிருந்து அதிகாரி, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். பீரோவுக்குப் பின்னாலிருந்து பிரேம்நாத் பதில் சொன்னார். மகனை நினைத்து அழுகிறாள், வேறொன்றும் இல்லை என்றார்.

கனகாம்பாள் துப்பாக்கியைக் கீழே போடவில்லை. போட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. மெல்லத் துண்டின்மேல் படுக்க வைத்தாள். பிறகு, தன் கணவர் சொன்னது பொய், அவள் சொன்னது இதுதான் என்று காளியம்மாவின் வார்த்தைகளை அப்படியே பர்மா பாஷையில் சொன்னாள். பானை உடைந்ததையும் சொன்னாள். குக்கர் என்று புளுகியதையும், அந்தப் பிள்ளை புதுப் பானை கொண்டுவந்து வைத்ததையும் சொன்னாள்.

அதிகாரி எழுந்து கால்சட்டை முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு தன் ஆளைக் கூப்பிட்டு, முதலில் அதிலிருந்து குண்டை எடு, பார்த்து எடு, கீழே போட்டுவிடாதே என்றார். அந்த ஆள் கண்ணாடிச் சாமானைத் தூக்குவது போல அதை இரண்டு கையாலும் எடுத்துப் போய்க் குண்டை உருவிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைத்தான். பிரேம்நாத்தைப் பார்த்து, இனி இதை இடுப்பில் வைக்காதே, பெட்டியில் போட்டுப் பூட்டு என்றார். அவர் குரலில் சந்தேகமே இல்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்து விடாமல் அவர் நம்பிவிட்டார்.

அப்புறம் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, தணிந்த குரலில், வேகமாக, கனகாம்பாளிடம் சில வார்த்தைகள் சொன்னார். சுட வந்தவனைப் பிடித்தாயிற்று என்று மேலே தெரிவித்தாயிற்று. பையனும் நேற்றே ஒப்புக்கொண்டுவிட்டான், ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள். முடிந்துபோன விஷயம். நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போங்கள், டோ கனகா என்று மரியாதை குறையாமல் முடித்தார். வாசற்படியில் இருந்த காளியம்மாவை மிதித்துவிடாமல் ஒதுங்கி இறங்கி வண்டியில் ஏறினார்.

பிரேம்நாத் பீரோவுக்குப் பின்னாலிருந்து இன்னும் வரவில்லை. சான் லின் நாற்காலியை நிமிர்த்திப் போட்டார்.

காளியம்மா கனகாம்பாளின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் இத்தனை நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்திருந்தது. எல்லாரும் ஓடியதை அதிகாரியும் பார்த்துவிட்டாரே!

"ஆபீசர் என்னக்கா சொல்லிட்டுப் போனாரு? மோகன விட்டுருவாங்களா?"

கனகாம்பாள் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதிகாரி சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னாள்.