ஆடி மாதத்து ஓ.டி.

...வயிற்றில் குழந்தை அசைந்ததா, இல்லை தன் மூச்சுதான் ஏறி இறங்கியதா, ஏலவார்குழலிக்குத் தெரியவில்லை, பயமாக இருக்க வேண்டும், இல்லையே, உட்கார்ந்தே மரத்துப்போன கால் மாதிரி மனசும் கிடக்கிறது, டாக்டரம்மா குழலை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு இருக்கு, ஆனா குழந்தை சோர்ந்திருக்கு, நீ சொன்ன தேதி சரின்னா இன்னும் நாள் இருக்கு, காத்திருக்கலாம், தாண்டியிருந்தா இன்னிக்கே டிரிப்ஸ் ஏத்தி வலி வரவைக்கணும், நல்லா யோசிச்சுச் சொல்லு என்று கை கழுவப் போயிருக்கிறாள். யோசிக்க என்ன இருக்கிறது... பக்கத்தில் மாமியார் செங்கமலம், "இன்னும் நாள் கீதும்மா, வைகாசிலதான்" என்று இவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறாள். சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம், அதற்காகத்தானே போன ஆடியில் புதுப்பெண்ணான இவளை மண்ணூரிலிருந்து சேரப்பணஞ்சேரிக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

அந்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கோவிலுக்குக் கூழ் ஊற்றப் போயிருந்தாள், வாசலில் புருஷோத்தமன், கம்பெனிச் சட்டையோடு, வூட்ல ஓ.டி., ஓவர்டைம்னு சொல்லிட்டு வந்துட்டேன் என்று ஒரு திருட்டுச் சிரிப்பு... கட்டிய புருஷன்தான், ஆனாலும் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள், எவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷமெல்லாம் இப்போது எங்கே போயிற்று? பிறகு பிரசவ நாள் கணக்கு எழுத நர்ஸ், கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சே என்று கேட்டபோது மாமியார் பக்கத்திலேயே நின்றாள், ஆவணி என்று வாய் தானாகச் சொன்னது, ஒரு மாதம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்... என் புள்ள ஆடி மாசத்துலகூட ஓ.டி. பாத்துகினு கீறான் என்று மாமியார் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாள், அதைக் கேட்டு இவளும் புருஷோத்தமனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சொன்னால் மானம் போகும். போகட்டுமா? நேற்றிலிருந்து உதை இல்லை, வெல்லத் தண்ணீர் குடித்துப் பார்த்தாள், ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை.

டாக்டரம்மா துண்டில் கை துடைத்துக்கொண்டே வந்தாள். "நாளு தப்புங்க" என்றாள் ஏலவார்குழலி, "ஆவணி இல்லீங்க, ஆடியிலயே." அவ்வளவுதான், மாமியார் முகத்தைப் பார்க்கமாட்டாமல் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள், இப்போது கத்துவாள், எப்படிடி என்பாள், மகனைச் சந்திக்கு இழுப்பாள்... செங்கமலம் கத்தவில்லை. விசிறுவதை நிறுத்திவிட்டுத் தணிந்த குரலில், "ரெண்டு நாள்ல சித்திரை போயிடும்மா, அதுக்கப்புறம் ஊசி போட்டா ஆவாதா?" என்றாள். "இப்பவே போடுங்க" என்று இவள் சொன்னது இவளுக்கே கேட்டது, நர்ஸ் கையைப் பிடித்து எழுப்பினாள், எழுந்தாள், நடந்தாள்... எப்படி என்று மாமியார் ஏன் கேட்கவில்லை? அப்படியானால் தெரியும், எப்போதிலிருந்து, ஓ.டி. என்று பீற்றிக்கொண்ட அன்றைக்கேவா, மாமியாரும் மருமகளும் இருவருமே தெரிந்துகொண்டுதான் இத்தனை நாளும் வைகாசி வைகாசி என்று சொல்லிக்கொண்டிருந்தார்களா... அசைகிறதா என்று வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தாள்.