காய்ந்த காயம் மறுபடி கசிந்தது

1

விரலை விடுடி ஸ்வர்ணா, தொண்டையைப் பாரு. விரல் போனா ஒன்பது பாக்கி இருக்கு. தொண்டை ஒண்ணுதான்.

இப்படித்தான் அனந்தலக்ஷ்மி நினைத்தாள். சொல்ல முடியவில்லை. நாக்கு தடித்து வாயை அடைத்திருந்தது. அவள் நாத்தனார் ஸ்வர்ணலதாவோ, ரத்தம் கசிந்த ஆள்காட்டி விரலைத் தன் புடவைத் தலைப்பால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அரிவாள்மணை விஷம் தலைக்கேறிடுத்து, ஆட்டோவை வேகமா விடச் சொல்லுங்கோ" என்று அலறிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ போகட்டும். அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை அனந்தத்திடமிருந்து பிறக்கவில்லை. டாக்டர் தோழி ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள்: கடுமையான ஒவ்வாமை வந்தால், உடம்பு தான் கட்டிவைத்த ரத்தக்கட்டியைத் தானே கரைப்பதுண்டு. மூடிய காயம் திரும்பக் கசியும். எனக்கு ஒரே சந்தோஷம். (யாருக்கோ ரத்தம் கசிகிறது, எழுதுகிறவளுக்குச் சந்தோஷம். என்ன பிறவியோ.) அந்தச் செய்தியை வைக்க ஒரு விரல் தேவைப்பட்டது. அனந்தத்தின் விரலை எடுத்துக்கொண்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மிளகு மணம் கமழும் மட்டாஞ்சேரியின் மாலைப்பொழுதில்..."

அடித்துவிட்டேன். அன்று அந்தத் தெருவில் மணந்தது அடைத்துக்கொண்ட சாக்கடை.

அடுத்தது: "அனந்தம் ஒரு புதிராகவே..." இதுவும் வேண்டாம். அவள் புதிரே இல்லை. கணவர் சங்கர்ராம், கூடவே நாத்தனார், கைமணம் நிறைந்த சமையல். வருகிற சனிக்கிழமை அவர்கள் சமூகத்தில் சாஸ்தா ப்ரீதி: ஐயப்பனுக்குப் பூஜை, வந்தவர்களுக்கெல்லாம் இலைபோட்டுச் சாப்பாடு. நைவேத்தியப் பாயசம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அனந்தத்தின் கையால்தான். மடி ஆசாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேர்.

காலையில் சேனை நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டது. மத்தியானத்துக்குள் ரத்தம் உறைந்து பொருக்குக் கட்டிவிட்டது. சாயங்காலம் போர்ட் கொச்சிக்கு, தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போனவள், கடலோரத் தட்டுக்கடையில் இறால் வடை தின்றாள்.

ஆமாம். இறால்.

(உங்கள் முகம் தெரிகிறது. ஸ்வர்ணாவிடம் சொல்லிவிடாதீர்கள்.)

இவள் இப்படிச் செய்வாளா என்று எனக்கே சந்தேகம். பருப்பு வடை என்று நினைத்து ஏமாந்து தின்றதாக எழுதிப் பார்த்தேன். அனந்தம் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏமாறவெல்லாம் இல்லை. கேட்டுத்தான் வாங்கினேன். நன்னா மொறுமொறுன்னு போடச் சொன்னேனாக்கும்."

இது மூன்றாவது தடவையாம். முதல் இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை. உடம்பு சும்மா இருந்ததாக அவள் நினைத்துக்கொண்டாள். அது பார்த்து வைத்துக்கொண்டிருந்தது, யார் வந்தார் யார் போனார் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற அடுத்தாத்து மாமி மாதிரி.

3

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சு இழுப்பு. கூடவே பொருக்கின் ஓரத்தில் ரத்தம்.* மூச்சு கண்ணுக்குத் தெரியாது. ரத்தம் தெரியும். குடும்பம் விரலைப் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விரலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொடையில் ஊசியைப் போட்டுக்கொண்டே, "மீனோ செம்மீனோ வல்லதும் கழிச்சோ?" என்று கேட்டார். மீன், இறால் ஏதாவது தின்றாளா என்று.

ஸ்வர்ணாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எந்தா டாக்டரே! எங்காத்துல முட்டை போட்ட கேக்குகூடப் படி ஏறாது."

"ஏறலைன்னு நோக்கெப்படித் தெரியும்?" என்று முணுமுணுத்தார் அண்ணன் சங்கர்ராம். (இடப்பள்ளி ஷாப்பிங் மாலுக்கு மாதாமாதம் தனியாகச் சாப்பிடப் போகிறவர். அது வேறு கதை.)

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்றாள் ஸ்வர்ணா. "அமுதவள்ளி ஊர்லேருந்து கொண்டுவந்த கடலை மிட்டாய்! நாளையிலேருந்து அவ வேலைக்கு வரண்டா, நிறுத்திடுங்கோ."

அமுதவள்ளி தேனிக்காரி. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். வெந்நீர் பிளாஸ்கோடு கதவருகில்தான் நின்றிருந்தாள்.

"யக்கா, அதுல நாலு நீங்கதான தின்னீக? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நீ பேசாதே."

* இந்த இடத்தைப் படித்த தோழி திட்டினாள்: "எல்லாருக்கும் இப்படிக் கசியும்னு எழுதித் தொலைக்காதே. எப்பவாவது, சிலருக்குத்தான். ஒவ்வாமையில வெடிக்கிற அணுக்கள் கொட்டுறதுல சிலது ரத்தத்தை உறைய விடாது, சிலது உறைஞ்சதைக் கரைக்கும். முதல்ல மூச்சு. அப்புறம் உன் உவமை." உவமையை எடுத்துவிட்டேன். "ரகசியமும் உறைந்த ரத்தம் போல..." என்று தொடங்கியிருந்தது. தப்பித்தீர்கள்.

4

அனந்தத்துக்குப் பேச்சு திரும்பியதும் டாக்டரம்மா எல்லோரையும் வெளியே அனுப்பினார். அனந்தம் அவரிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். "இனி ஜன்மத்தில் தொடண்டா, சேச்சி." வெளியே வந்து, "காரணம் தெரிஞ்சுபோச்சு, இனி அதைத் தொடக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

அதையா? எதை? குடும்பம் உள்ளே பாய்ந்தது.

என்னிடம் முடிவுகள் தயாராக இருந்தன. அனந்தம் உண்மையை உடைக்கிறாள், பாயசக் கரண்டி கைமாறுகிறது, கதைக்குப் பரிசுகூடக் கிடைக்கலாம். அல்லது மிட்டாய்தான் என்று தலையாட்டுகிறாள், அமுதவள்ளிக்கு வேலை போகிறது, யதார்த்தம் என்பார்கள். அல்லது சங்கர்ராம் மனைவியைக் காப்பாற்ற மால் ரகசியத்தை... இல்லை, அவருக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

"சொல்லுங்கோ மன்னி, மிட்டாய்தானே? தலையை ஆட்டினாப் போறும்."

நானும் காதருகில் குனிந்தேன். இறால்னு சொல்லிடேன் அனந்தம், கதைக்கு நல்லது.

அனந்தம் விரலைப் பார்த்தாள். கசிவு நின்றிருந்தது. கதவருகில் பிளாஸ்கை நெஞ்சோடு அணைத்தபடி நின்றவளையும் பார்த்தாள்.

"மிட்டாய் இல்லை."

"பின்னே எதாக்கும்?"

"அது டாக்டருக்குத் தெரியும். அமுதா நாளைக்கு வரட்டும். சனிக்கிழமை அத்தனை உருளியையும் யார் தேய்ப்பா, நீயா?"

ஸ்வர்ணா தன் நகப்பூச்சைப் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் விடவில்லை. "எங்கிட்ட மட்டும் சொல்லுங்கோ மன்னி."

நானும் விடவில்லை. அவளிடம் வேண்டாம். சனிக்கிழமை பாயசம் நீதான் கிண்டப் போகிறாயா, அதையாவது என்னிடம் சொல். இத்தனை தூரம் படித்துக்கொண்டு வந்தவர்கள் காத்திருக்கிறார்கள். வேண்டுமானால் அவர்களே கேட்கட்டும்.

அனந்தம் எங்களை, உங்களையும் சேர்த்துத்தான், ஒரு நிமிஷம் பார்த்தாள். மெல்லத் தலையை அசைத்தாள், மாட்டேன் என்று. பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.