மஞ்சள் முனை அட்டைகள்

கவிழ்த்து வைத்த அட்டைகளில் இரண்டின் முனையில் மட்டும் மஞ்சள் இருக்கிறது, மற்றதெல்லாம் வெறும் சிவப்பு, எப்படிக் கலைத்துப் போட்டாலும் கண் அந்த மஞ்சளுக்குத்தான் போகும், போகட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன், சாப்பாட்டு மேஜையில் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்து வெட்டி ஒட்டும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது, என்ன தனியாச் சிரிக்கறே என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார், ஒண்ணுமில்லீங்க, தங்கச்சி மகளுக்குப் பொறந்தநாள் வருது, வெளையாட்டுச் சாமான் செய்யறேன் என்கிறேன், அது பொய்யில்லை. என் தங்கை சுகன்யாவின் கல்யாணப் பத்திரிகைகள் அவை, மீந்துபோன கட்டு பரணில் கிடந்தது, நல்ல தடித்த அட்டை, பின்பக்கம் சிவப்பில் தங்கப் பிள்ளையார், அச்சடித்து வந்த அன்றைக்கு நாங்கள் பாயில் உட்கார்ந்து முனைக்கு மஞ்சள் தடவுகிறோம், இப்படி அப்புனா மாப்பிள்ளை பேரே மறைஞ்சுரும்டி என்கிறேன், மறைஞ்சா மறையட்டும்க்கா என்று சிரிக்கிறாள், அவள் விரல் பட்டதில் இந்த இரண்டும் யாருக்கும் கொடுக்காமல் தங்கிவிட்டன, அவளுக்குப் பிறகும் தங்கிவிட்டன.

எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றாலும் நான்தான் விளையாட்டு செய்து கொடுப்பேன், அந்தந்தக் குழந்தைக்கென்றே தனியாக, தம்பி மகனுக்கு மீன் பிடிக்கிற ஆட்டம், ஒவ்வொரு அட்டை மீனுக்கும் ஒரு சொந்தக்காரர் மூஞ்சி, நூலில் கட்டிய காந்தத்தில் தாய்மாமன் மாட்டினால் வீடே கைதட்டும், எதிர்வீட்டுக் குட்டிக்குப் பாம்பும் ஏணியும், ஏணி அவள் வாசலில் தொடங்கி ஐஸ் வண்டியில் முடியும், பெரிய பாம்புக்கு அவளுடைய கணக்கு மிஸ்ஸின் கண்ணாடி, அதனால் பூபதி சந்தேகப்பட மாட்டான் என்று தெரியும், பூபதி சுகன்யாவின் கணவன், எதிரில் மாப்பிள்ளை, வாங்க, உக்காருங்க, மனதுக்குள் அவன், இவன், அதற்குக் கீழேயும் சில வார்த்தைகள் உண்டு. சுகன்யாவுக்குக் காய்ச்சல், மகள் வர்ணிகா அப்போது கைக்குழந்தை, நான் போன் செய்கிறேன், அவன் எடுக்கிறான், அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க்கா, அம்மா ஊட்டுக்கு வர்றதுக்கு நாடகம் போடறா, பின்னால் சுகன்யா முனகுவது கேட்கிறது, இன்றைக்கும் கேட்கிறது, குக்கர் சத்தத்தில், பஸ் இரைச்சலில், நான் பவானியிலிருந்து கோபி போய்ச் சேருவதற்குள் ஆஸ்பத்திரியில் அவள் முகத்தை மூடியிருந்தார்கள், நாடகம் முடிந்துவிட்டது.

வருஷம் திரும்புவதற்குள் மைதிலியைக் கட்டினான், சுவரிலிருந்த சுகன்யா படம் இறங்கியது, கொழந்தை மனசு கொழம்பக் கூடாதுங்க்கா, இனி மைதிலிதான் அவளுக்கு அம்மா, போட்டோ கீட்டோன்னு எதையும் தூக்கிட்டு வராதீங்க என்றான், சரிங்க மாப்பிள்ளை என்றேன், என் தங்கையைக் கொன்றது போதாமல் துடைத்தும் எறிகிறாயா, பெற்றவள் முகம் தெரியாமலா இந்தக் குழந்தை வளரும், பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். போட்டோ கொண்டுபோகக் கூடாது, விளையாட்டு கொண்டுபோகலாமே, ஸ்டுடியோவில் எல்லா முகத்திலும் இரண்டிரண்டு பிரதி போட்டேன், பூபதி, மைதிலி, ஸ்கூல் வேன் டிரைவர், மாடிப்படிப் பூனை, சுகன்யா, கவிழ்த்துப் போட்டு ஜோடி சேர்க்கிற ஆட்டம், சுகன்யாவை மட்டும் மஞ்சள் முனை அட்டைகளில் ஒட்டினேன், விதிமுறையும் நானே வைத்தேன், ஜோடி சேர்த்தால் மட்டும் ஆகாது, அது யாரென்று சொல்ல வேண்டும், எதிராளி கேட்கிற ஒரு கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டும், சொல்லாதவருக்குத் தோல்வி. அந்த விதியைப் பிறந்தநாளன்று வர்ணிகா காதில் மூன்று முறை ஓதினேன், கேக் வெட்டி முடித்ததும் அப்பாவை இழுத்து உட்காரவைத்தாள், அவன் முதலில் தொட்டதே மஞ்சளை, இரண்டாவதும் மஞ்சள், திருப்பினான், சுகன்யா இரண்டு தரம் சிரித்தாள், அவன் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தான், தன் கல்யாணப் பத்திரிகையைத் தெரியாதா, முகம் வெளுத்தது, யாருப்பா இது, யாரோ கண்ணு, யாரோன்னா அது பேரா, அப்பா தோத்துட்டாரு, தோத்துட்டாரு என்று குழந்தை குதித்தாள், எனக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது.

அதற்கப்புறம் எத்தனை கனவு, கனவில் அட்டைகளைப் போட்டுக் கொடுத்த டப்பா குப்பைத்தொட்டியில் கிடக்கிறது, சுகன்யா குனிந்து அட்டைகளைப் பொறுக்குகிறாள், ஒண்ணு கொறையுதுக்கா என்கிறாள், விழித்தால் நிச்சயம் எறிந்திருப்பான் என்றுதான் தோன்றுகிறது, எறிந்தால் வேறு செய்வேன், மறுபடி மறுபடி செய்வேன், கோடை லீவில் முறுக்குத் தூக்கோடு போய் நிற்கிறேன், டப்பா சாமி அலமாரிக்குக் கீழே இருக்கிறது, அட்டைகளின் ஓரமெல்லாம் நைந்துபோயிருக்கிறது, மஞ்சள் மட்டும் புதிதாக, பளிச்சென்று. மைதிலி சமையலறை வாசலில் நின்று சொல்கிறாள், தொட்டுத் தொட்டு அழியுதுங்க்கா, நாந்தான் அப்பப்ப வெச்சுடறேன், எதுக்கு மைதிலி என்கிறேன், அவள் குரலைத் தாழ்த்துகிறாள், போன மாசம் எனக்குக் காய்ச்சலுங்க, எந்திரிக்க முடியல, நாடகம் போடாதேன்னு சொன்னாருங்க, அப்புறம் நானே ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன், அன்னிக்குத்தான் வர்ணிகாகிட்ட எல்லாம் சொன்னேன், இதுதாண்டா உன்னைப் பெத்த அம்மான்னு. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், இத்தனை வருஷம் இவளையும் சேர்த்துத்தான் சபித்திருந்தேன்.

மாப்பிள்ளை வெளையாடறாரா என்று கேட்கிறேன், புள்ள வுடமாட்டேங்கறா, மஞ்சளைத் தொடவே மாட்டாரு, மத்ததையே பொறுக்குவாரு, கடைசியில அது ரெண்டுதான் மிஞ்சும், ஒடனே தூக்கம் வருதுன்னு எந்திரிச்சுருவாரு என்கிறாள், இன்றைக்கு எழுந்திருக்க விடக் கூடாது என்று நான் பாயின் இந்தப் பக்கம் உட்காருகிறேன், மைதிலி வாசல்பக்கம் நிற்கிறாள், வாங்க மாப்பிள்ளை, ஒரு ஆட்டம். வேன் டிரைவர் போனார், பூனை போனது, மைதிலியும் அவனுமே போனார்கள், நடுவில் இரண்டு மஞ்சள் முனை, அது ரெண்டும் அப்பாவுக்கு என்கிறாள் வர்ணிகா, அவன் என்னைப் பார்க்கிறான், நான் கண்ணை எடுக்கவில்லை, சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாதா என்ன என்று மைதிலி அங்கிருந்தே சொல்கிறாள், அவன் திருப்புகிறான், சுகன்யா, என்கிறான், அந்தப் பெயர் அவன் வாயில் துருப்பிடித்து வருகிறது, உன்னைப் பெத்த அம்மா, காய்ச்சல் வந்து செத்துப்போயிட்டா கண்ணு. வர்ணிகா கைதட்டவில்லை, அட்டையைக் கையில் எடுக்கிறாள், நான் ஒரு கேள்வி கேக்கணுமில்ல என்கிறாள், விதி நான் சொன்னது, கேள்வியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சாமி சத்தியமாக நான் சொல்லிக் கொடுக்கவில்லை, காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாமில்ல, நீங்க ஏம்ப்பா கூட்டிட்டுப் போகல.

அவன் கண்ணில் நீர் கட்டுகிறது, கட்டட்டும், இந்த நான்கு வருஷத்தில் நான் கேட்டிருந்தால் ஆயிரம் பதில் வைத்திருப்பான், அப்பாவுக்குத் தெரியல, அப்பா தோத்துட்டாரு என்று குழந்தை மெதுவாகச் சொல்கிறாள், எனக்குப் போதவில்லை, போதவே இல்லை, இன்னொரு ஆட்டம் போடலாம் கண்ணு என்கிறேன், அவள் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கலைக்கிறாள், மைதிலி வந்து குனிந்து, ஈர விரலால் இரண்டு முனையிலும் மஞ்சளை அழுத்தி வைக்கிறாள், இப்போது குழந்தை கேட்டதற்குப் பதிலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவன் அவன்.